குன்றின் மேலிருந்து வரும் கட்டளை

திருப்பதியில் எந்தத் தெலுங்கு நாளிதழைப் புரட்டினாலும் 'சிப்பந்தி' என்ற சொல் கண்ணில் படும். தேவஸ்தான ஊழியர், மருத்துவமனை ஊழியர், பேருந்துப் பணிமனை ஊழியர் என அனைவரும் அங்கே சிப்பந்திகளே. தமிழில் அதே சொல் சற்றுச் சுருங்கி, உணவகத்தில் பரிமாறுபவரையும் அலுவலகத்தின் கடைநிலை ஊழியரையும் குறிக்கிறது. பாரசீகம் வழியாகத் தென்னக மொழிகளுக்கு வந்த இச்சொல், ஒரு காலத்தில் வரிவசூலுக்கும் காவலுக்கும் அமர்த்தப்பட்ட துணைப்படை வீரனுக்கு உரிய பெயராக இருந்தது. பொதுப்பணித் துறையில் கால்வாய் மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியருக்கு 'லஸ்கர்' என்று பெயர்; பாரசீகத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குப் படை என்று பொருள். வணிக இதழ்கள் ஓயாமல் எழுதும் 'வியூகம்' படையின் அணிவகுப்பு. ஆங்கிலத்தின் 'ஸ்ட்ராட்டஜி'யும் கிரேக்க மொழியில் படைத்தலைவனைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்ததே.

படையின் மொழி பணியிடத்துக்குள் நுழைந்து நெடுங்காலம் ஆகிவிட்டது என்பதற்கு இச்சொற்களே சான்று. அண்மைக் காலத்தில் சொற்களோடு நில்லாமல் படையின் தலைமைப் பண்புகளையும் பணியிடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் வலுத்திருக்கிறது. ஓய்வுபெற்ற படை அதிகாரிகளைத் தொழில் நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளும் அழைத்து உரையாற்றச் செய்கின்றன. அவ்வதிகாரிகள் சொல்வனவற்றில் பெரும்பாலானவை நல்ல கருத்துகளே. ஆயினும் உரை முடிந்து அரங்கம் கலைந்த பின் நிறுவனத்துக்குள் தங்குவது பெரும்பாலும் ஒன்றுதான்: மேலிருப்பவர் சொன்னால் கீழிருப்பவர் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும் என்பது. படையிடமிருந்து கட்டளையின் ஓசை மட்டும் கடன் வாங்கப்படுகிறது. அக்கட்டளையைப் பயனுடையதாக்கும் இரண்டு பொருள்கள், அதாவது நோக்கத்தை விளங்கச் சொல்வதும் கட்டளை பெறுபவருக்குக் கட்டளை இடுபவர் பட்டிருக்கும் கடனும், வழியிலேயே விடுபட்டுப் போகின்றன. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கச் சித்தூர் மண்ணிலேயே ஒரு வரலாற்று நிகழ்ச்சி உண்டு.

1782 டிசம்பர் 7. இரண்டாம் மைசூர்ப் போரின் நடுவே, சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஹைதர் அலி இறந்தார். முதுகில் வந்த ராஜபிளவை அவர் உயிரைக் குடித்தது. வாரிசான திப்பு அப்போது நூற்றுக்கணக்கான கல் தொலைவில், மலபார்ப் பகுதியில் ஆங்கிலேயப் படையொன்றை எதிர்த்துக்கொண்டிருந்தார். தலைவன் இறந்தான் என்ற செய்தி பரவினால் படை சிதறும், பகைவர் பாய்வர், பதவிக்கு ஆசைப்படுவோர் தலைதூக்குவர். பாசறையில் இருந்த பூர்ணையா, கிருஷ்ண ராவ் முதலிய அமைச்சர்கள் மரணத்தை மறைத்தனர். உடல் ஒரு பெட்டியில் வைக்கப்பட்டுக் கருவூலப் பொருள்போல இரவில் கோலாருக்கு அனுப்பப்பட்டது. திரையிட்ட பல்லக்குக்கு வழக்கமான மரியாதைகள் தொடர்ந்தன. படை தன் பயணத்தை நிறுத்தவில்லை. பாசறைக்குள் எழுந்த சதியொன்றும் அடக்கப்பட்டது. மூன்று வாரங்களுக்கும் மேலான பின்னரே திப்பு வந்து படைப்பொறுப்பை ஏற்றார்.

இந்நிகழ்ச்சி வழக்கமாக ஒரு தந்திரக் கதையாகவே சொல்லப்படுகிறது. பொய் சொல்லிப் படையைக் காத்த கதை இன்றைய நிறுவனத்துக்கு எவ்வாறு முன்மாதிரியாகும் என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே. உண்மையை மறைத்தது கற்க வேண்டிய பகுதி அன்று. மறைக்க வேண்டிய நிலை வந்ததே அந்த ஆட்சி ஒரே மனிதனை எவ்வளவு சார்ந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. கற்க வேண்டியது வேறு. பூர்ணையா களத்தில் வாள் வீசிப் பெயர் பெற்றவர் அல்லர்; கணக்கும் நிருவாகமும் கைவந்தவர். பின்னாளில் 1799க்குப் பின் மைசூரின் திவானாகப் பன்னிரண்டு ஆண்டுக்காலம் ஆட்சி நடத்தியவர். தலைவன் இல்லாத நாள்களில் எது நின்றுவிடக் கூடாது, யாருக்கு முதலில் தகவல் போக வேண்டும், படை எத்திசை நோக்கி நகர வேண்டும் என்பவற்றை அவரும் உடனிருந்தோரும் எவருடைய கட்டளைக்கும் காத்திராமல் முடிவு செய்தனர். தலைவன் என்ன விரும்பியிருப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஒரே இரவில் வந்திருக்க முடியாது.

அதே நாள்களில் சென்னைக் கோட்டையில் நடந்ததை இதனோடு ஒப்பிட வேண்டும். ஹைதர் இறந்த செய்தி ஆளுநர் மெக்கார்ட்னிக்கு எட்டியது. உடனே படையெடுக்குமாறு அவர் தளபதி ஸ்டூவர்ட்டை வற்புறுத்தினார். ஸ்டூவர்ட் அசையவில்லை. செய்தி உண்மையோ என்ற ஐயமும், படை இன்னும் ஆயத்தமாகவில்லை என்ற விடையுமே அவரிடமிருந்து வந்தன. உணவுப்பொருளும் வண்டி மாடுகளும் போதிய அளவில் இல்லை என்பதும் உண்மையே. அதற்கும் மேலாக, கோட்டையில் குடியாட்சி அதிகாரமும் படை அதிகாரமும் யார் யாருக்குக் கட்டுப்பட்டவை என்ற வழக்கு நெடுநாளாகத் தீராமல் கிடந்தது. தலைவனை இழந்த படை நகர்ந்தது. தலைவர் இருவர் இருந்த படை நின்றது. கட்டளையிட ஆள் இருப்பதும் இல்லாததும் மட்டுமே ஓர் அமைப்பின் வலிமையை முடிவு செய்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கட்டளை என்பது ஒரு மொழிச்செயல். ஆகவே மொழியியலின் எளிய கருத்தொன்று இங்கே துணை செய்யும். தமிழ் இலக்கணத்தில் அ, இ, உ என்பன சுட்டெழுத்துகள். 'அந்த' என்ற சொல்லின் பொருள் அகராதியில் முழுமையாகக் கிடைப்பதில்லை. பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்தால்தான் அது எதைச் சுட்டுகிறது என்பது விளங்கும். நிற்கும் இடம் மாறினால் பொருளும் மாறும். இது வகுப்பறை விளக்கம். இதன் விலையை உயிரால் கொடுத்த படையொன்று உலக வரலாற்றில் உண்டு.

1854 அக்டோபர் 25 அன்று, கிரீமியப் போரின் பாலக்லாவாக் களத்தில், ஆங்கிலத் தளபதி ராக்லன் குன்றின் மேல் நின்றிருந்தார். ரஷ்யர்கள் கைப்பற்றிய பீரங்கிகளை இழுத்துச் செல்வது அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது. அதைத் தடுக்குமாறு கீழே பள்ளத்தாக்கில் இருந்த குதிரைப்படைக்கு எழுத்துவழிக் கட்டளை அனுப்பினார். பள்ளத்தாக்கில் நின்ற லூக்கனுக்குக் குன்றின் காட்சி தெரியாது. எந்தப் பீரங்கிகள் என்று அவர் கேட்டார். கட்டளையைக் கொண்டுவந்த அதிகாரி பொறுமையிழந்து கையை வீசி ஒரு திசையைக் காட்டினார். அது பள்ளத்தாக்கின் மறுமுனையில் ஆயத்தமாக நின்ற பகைவரின் பீரங்கி வரிசையை நோக்கியதாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ 670 குதிரைவீரர்கள் அதை நோக்கிப் பாய்ந்தனர்; சற்றேறக்குறைய 110 பேர் மாண்டனர். அவர்களுடைய கீழ்ப்படிதலில் குறையில்லை, வீரத்திலும் குறையில்லை. குன்றின் மேல் நின்றவருக்குத் தெரிந்த 'அந்த' பள்ளத்தில் நின்றவருக்குத் தெரியவில்லை என்பதே குறை.

இதற்குத் தீர்வு தேடியதும் படைகளே. 1806இல் யேனாக் களத்தில் நெப்போலியனிடம் நொறுங்கிய பிரஷ்யப் படை, தோல்வியின் காரணத்தைத் தன் அமைப்புக்குள்ளேயே தேடியது. மேலிடத்துக் கட்டளைக்குக் காத்திருந்து காத்திருந்து வாய்ப்பை இழக்கும் பழக்கத்தை ஒழிக்க முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோல்ட்கேயின் தலைமையில் அம்முறை செழித்தது. என்ன முடிய வேண்டும், அது ஏன் முடிய வேண்டும் என்பதை மேலதிகாரி சொல்வார். எப்படி என்பதைக் களத்தில் நிற்பவர் தீர்மானிப்பார். ஜெர்மானிய மரபில் 'ஆஃப்ட்ராக்ஸ்டாக்டிக்' என்றும், இன்றைய ஆங்கில, அமெரிக்கப் படைகளில் 'மிஷன் கமாண்ட்' என்றும் வழங்குவது இதுவே. குன்றின் மேல் நிற்பவர் தம் விரலை மட்டும் நீட்டாமல் தாம் காணும் காட்சியையும் கீழே நிற்பவரோடு பகிர்ந்துகொள்ளும் முறை என்று இதனைச் சொல்லலாம்.

அலுவலகங்கள் 'படை ஒழுங்கு' என்று கொண்டாடுவது பெரும்பாலும் யேனாவுக்கு முந்திய படையின் ஒழுங்கு. அப்படை தோற்றுப்போனது என்பதை யாரும் நினைவூட்டுவதில்லை.

நோக்கம் தெரியாத குறி எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்குத் திருப்பதியிலேயே ஆறாத வடு ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான இலவச டோக்கன்களைப் பெற நகரின் மையங்களில் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். நெரிசலில் 6 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும் அவர்களுள் இருந்தார். காத்திருந்த ஒரு பெண்ணுக்கு உடல்நலம் குன்றியதாகவும், அவருக்கு உதவக் கதவு திறக்கப்பட்டபோது டோக்கன் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று எண்ணிக் கூட்டம் முந்தியதாகவும் அப்போது செய்திகள் வெளியாயின. அரசு நீதி விசாரணைக்கு ஆணையிட்டது. யார் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது இங்கு நோக்கமன்று. திறந்த கதவு ஒரு குறி. உள்ளே ஒருவருக்கு அது 'உதவி' என்று பொருள்பட்டது; வெளியே நின்ற ஆயிரம் பேருக்கு 'வரிசை தொடங்கிவிட்டது' என்று பொருள்பட்டது. இரண்டையும் இணைக்கும் ஒரு சொல், ஓர் அறிவிப்பு, நடுவில் இல்லை. காவலரின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் இந்த இடைவெளி தானாக நிரம்பாது.

இனி, விடுபட்டுப்போகும் இரண்டாவது பொருளைக் காணலாம். டேராடூனில் 1932இல் இந்தியப் படைக்கழகம் முறையாகத் தொடங்கப்பட்டபோது, அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் ஆற்றிய உரை இன்றும் அதிகாரிகளுக்கு வழிகாட்டியாக நிற்கிறது. அதன் கருத்து எளியது: நாட்டின் நலம் முதலாவது, தன்கீழ் உள்ள வீரரின் நலம் அடுத்தது, தன் நலம் என்றும் கடைசி. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயில்வோரும் இவ்வுணர்விலேயே வளர்க்கப்படுகின்றனர். இந்த வரிசைதான் படையின் கட்டளைக்கு அறத்தகுதி அளிக்கிறது. அலுவலகம் இதை இறக்குமதி செய்யும்போது முதற்படி 'நிறுவனத்தின் இலக்கு' என்று மாறுகிறது. மற்ற இரு படிகள் காணாமற்போகின்றன. இரவு பத்து மணிக்கு வேலையை ஏவிவிட்டுத் தாம் உறங்கச் செல்லும் மேலாளர், தம்மைப் படைத்தலைவராக எண்ணிக்கொள்வதற்கு செட்வுட்டின் வரிசையில் இடமில்லை.

சட்டமும் இதற்குச் சான்று. 1950ஆம் ஆண்டின் இந்தியத் தரைப்படைச் சட்டம் கீழ்ப்படியாமையைக் கடுமையாகத் தண்டிக்கிறது. ஆனால் அதன் 41ஆம் பிரிவு, கட்டளை என்ற சொல்லுக்கு முன் ஓர் அடைமொழியைச் சேர்த்தே எழுதுகிறது: சட்டப்படியான கட்டளை. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, மேலதிகாரியால் தனக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கருதும் வீரன் முறையிடும் உரிமையை வகுத்திருக்கிறது. ஆக, கேள்விக்கே இடமில்லாத கீழ்ப்படிதல் என்பது படையிலும் இல்லை. ஓர் அடைமொழியும் ஒரு முறையீட்டு வழியும் அங்கே எழுத்தில் உள்ளன. மேலும் படைவீரனுக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் அரசின் பொறுப்பு. நான்காண்டுப் பணி என்ற அக்னிபத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது நாடெங்கும் இளைஞர்கள் கொதித்தெழுந்ததற்கும் காரணம் இதுவே: உயிரைக் கேட்கும் பணி, வாழ்வுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற பழைய ஒப்பந்தம் மாறுகிறது என அவர்கள் உணர்ந்தனர். ஒப்பந்தத் தொழிலாளரை வைத்து நடக்கும் ஆலையொன்று படையின் விசுவாசத்தைக் கேட்குமானால், படையின் பொறுப்பில் எத்தனை விழுக்காட்டைத் தான் ஏற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் தொழில் நிறுவனங்களுக்கு மட்டும் உரியன அல்ல. திருப்பதி ஒரு கல்வி நகரம். 1954இல் தொடங்கிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் முதல் 2015இல் வந்த ஐ.ஐ.டி., ஐசர் வரை அங்கே ஆய்வு நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் 1997 முதல் இயங்குகிறது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டின் கல்வி நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு பார்த்தால், நெறியாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையிலான உறவு பல துறைகளில் படைக் கட்டளையின் சாயலிலேயே நடப்பது தெரியும். 'அந்தத் தரவை எடுத்துவிடுங்கள்', 'அந்த இயலை மாற்றுங்கள்' என்ற கட்டளைகள் குன்றின் மேலிருந்து வருகின்றன. எந்தத் தரவு, ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்பது பணிவின்மையாகக் கொள்ளப்படுகிறது. முப்பது ஆண்டு வாசிப்பால் நெறியாளர் ஏறி நிற்கும் குன்று உண்மையானதே. அங்கிருந்து அவர் காண்பதை மாணவரால் காண இயலாது என்பதும் உண்மையே. அதனால்தான் கண்டதைச் சொல்லும் கடமை அவருக்கு உரியதாகிறது. காட்சியைச் சொல்லாமல் விரலை மட்டும் நீட்டினால், மாணவர் தவறான பீரங்கியை நோக்கி ஐந்தாண்டு ஓடுவார்.

படையிடமிருந்து பல்கலைக்கழகம் கடன் வாங்கத்தக்க நடைமுறை ஒன்று உண்டு. 1970களில் அமெரிக்கத் தரைப்படையில் உருவான பணிப்பின் ஆய்வு அது. பயிற்சியோ நடவடிக்கையோ முடிந்ததும் கலந்துகொண்டோர் கூடி நான்கு கேள்விகளுக்கு விடை காண்பர்: என்ன நடக்க வேண்டும் என்று எண்ணப்பட்டது, என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்யலாம். யாரைத் தண்டிப்பது என்பது அங்கே கேள்வி அன்று. கடைநிலை வீரனும் தளபதியின் தவற்றைச் சுட்டிக்காட்டலாம். கருத்தரங்கு முடிந்ததும், களப்பணி முடிந்ததும், தேர்வுப் பணி முடிந்ததும் இத்தகைய அரைமணி நேரத்தை ஒதுக்கும் துறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். காலணியின் பளபளப்பையும் வரிசையின் நேர்மையையும் படையிடமிருந்து கற்ற கல்லூரிகள் உண்டு; இந்த அரைமணியைக் கற்றவை அரிது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு; அது வலுவானது. தீப்பற்றும்போது விவாதம் நடத்த முடியுமா? அறுவைக் கூடத்தில், வெள்ளத்தில், நெரிசலில் ஒருவர் சொல்ல மற்றவர் உடனே செய்தாக வேண்டாமா? செய்தாக வேண்டும். ஆனால் அந்த நொடியின் கீழ்ப்படிதல் அந்த நொடியில் உண்டாவதன்று. அதற்கு முந்திய ஆயிரம் அமைதியான நாள்களில் விளக்கியும் கேட்டும் பொறுப்பேற்றும் சேமித்த நம்பிக்கையே அப்போது செலவாகிறது. சேமிக்காத நிறுவனம் நெருக்கடியில் எவ்வளவு உரக்கக் கட்டளையிட்டாலும் அதற்கு மதிப்பு இராது. எல்லா நாளும் நெருக்கடி என்று சொல்லிக்கொண்டே நடக்கும் நிறுவனம் சேமிப்பதற்கு நாளே இல்லாமல் ஆகிவிடுகிறது.

திருமலையில் இதன் மறுபக்கத்தையும் காணலாம். 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்ரீவாரி சேவையில், பல மாநிலங்களிலிருந்து தன்னார்வலர்கள் குழுக்களாகப் பதிவு செய்துகொண்டு வருகின்றனர். வரிசையில் காத்திருப்போருக்குக் குடிநீர் கொடுக்கின்றனர். அன்னதானக் கூடத்தில் பரிமாறுகின்றனர். ஊதியம் இல்லை, பதவி இல்லை, பணிநீக்க அச்சமும் இல்லை. அவ்வகையில் அவர்களைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் மேலிடத்தில் இல்லை. ஆயினும் பணி நடக்கிறது. எதற்காக வந்தோம் என்பது ஒவ்வொருவருக்கும் வரும் முன்பே தெரியும் என்பதே காரணம். சம்பளப் பணியில் இதே அளவு ஈடுபாட்டை எதிர்பார்ப்பது நியாயமன்று. பக்தி வேறு, பிழைப்பு வேறு. ஆனால் நோக்கம் தெளிவாக இருக்கும் இடத்தில் கட்டளையின் தேவை குறைகிறது என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

தமிழ் மரபுக்கு இது புதிதும் அன்று. திருக்குறளின் பொருட்பாலில் படையைப் பற்றிப் படைமாட்சி, படைச்செருக்கு என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. ஆளைத் தேர்ந்து தெளிவதையும், தெளிந்தபின் அவரிடம் பணியை ஒப்படைப்பதையும் பேசத் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்கள் உள்ளன. படைக்கு எவ்வளவு இடமோ, நம்பி ஒப்படைப்பதற்கும் அவ்வளவு இடம். மேடைகளில் முதலிரண்டின் பெருமை ஓங்கி ஒலிக்கிறது. பின்னிரண்டைப் பணியிடத்தில் காண்பது அரிதாகிறது.

ஆதலின், படையின் தலைமைப் பண்பை அலுவலகத்துக்கோ ஆய்வுத்துறைக்கோ கொண்டுவர விரும்புவோர் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். இப்பணி ஏன் செய்யப்படுகிறது என்பதைக் கடைசி ஊழியரால் தம் சொந்தச் சொற்களில் சொல்ல முடிகிறதா? தலைவர் ஒரு மாதம் இல்லாவிட்டால், எவரும் எதையும் மறைக்காமலேயே பணி நடக்குமா? தவறான கட்டளையைத் தவறு என்று சொன்னவர், மறுநாளும் அச்சமின்றி அதே இருக்கையில் அமர முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் அங்கே படையின் சிறந்த பண்பு ஏற்கெனவே இருக்கிறது. சீருடையும் முழக்கமும் தேவையில்லை. இல்லை என்று வந்தால், அங்கே இருப்பது வரிவசூலுக்கு அமர்த்திய பழைய சிப்பந்திப் படையின் ஒழுங்கு மட்டுமே. சொல்லின் பொருள் இருநூறு ஆண்டுகளில் படைவீரனிலிருந்து பணியாளராக மாறிவிட்டது. அவரை நடத்தும் முறையும் அதனோடு மாறியாக வேண்டும்.